சொல்லும் பதிவும்

முகமறியாத ஒரு கம்பனித் தலைவரை எதைக் கொண்டு நம்புவது? விருதுகள் போதாது. அமெரிக்காவின் என்ரோன் கம்பனியை 'போர்ச்சூன்' சஞ்சிகை தொடர்ந்து ஆறு வருடங்கள் அந்நாட்டின் புதுமை மிக்க கம்பனி என்று புகழ்ந்தது. 2001 டிசம்பரில் அது வங்குரோத்தானது.

அவ்வருடம் செப்டம்பரில் அதன் தலைவர் கெனத் லே, கம்பனிப் பங்கு மிக மலிவு என்றும் தானும் வாங்கியதாகவும் ஊழியர்களிடம் கூறினார். வாங்கியது உண்மை. அதைவிடப் பல மடங்கு பங்குகளைக் கம்பனிக்கே விற்றிருந்ததை மறைத்துவிட்டார். அத்தகைய விற்பனையை ஆண்டு முடிந்த பின் அறிவித்தாற் போதும் என்றது அன்றைய சட்டம். ஓய்வுகாலச் சேமிப்பை அப்பங்குகளில் வைத்திருந்த ஊழியர் பலர் அதனை இழந்தனர். 2002இல் சட்டம் மாறியது. இரண்டு வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்றாயிற்று.

வரவு இடாப்பை நாங்கள் காலையிலேயே குறிக்கிறோம். மாதக் கடைசியில் நினைவிலிருந்து நிரப்பினால் அதனை யார் நம்புவார்?

பதிவில் இல்லாததைக் கொண்டு ஒருவரைக் கள்வர் என்பது அநீதி. ஆனால், பிறரை வாங்கச் சொல்பவர் தான் விற்றதையும் அப்போதே சொல்லக் கடமைப்பட்டவர். சட்டம் தரும் தவணை அக்கடமையைத் தள்ளிப்போடாது. ஆகவே, ஒரு தலைவரின் பேச்சுத் திகதியையும் அவரது கொடுக்கல் வாங்கல் திகதியையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே நியாயமான விசாரணை என்பேன்.