கதையின் முடிவும் காத்திருப்போர் உரிமையும்

ஒரு கதையின் தொடர்ச்சிக்காக நெடுங்காலம் காத்திருந்தவனுக்கு அக்கதையின் முடிவின்மீது ஏதேனும் உரிமை உண்டா? முதற்பார்வையில் இவ்வினா பொழுதுபோக்குச் சார்ந்ததாகவே தோன்றும். ஆயினும், கதையை ஆக்குபவனுக்கும் கேட்பவனுக்கும் இடையேயுள்ள கடப்பாடு யாது என்னும் அறவியற் பிரச்சினை இதனுள் அடங்கியுள்ளது. தமிழில் இதனை ஆராய்வதற்குக் கண்ணகி கதையினும் பொருத்தமான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது. அக்கதை ஒருமுறை முடிந்து அமைதியுறவில்லை. ஒன்றோடொன்று இணங்காத தொடர்ச்சிகளைப் பெற்றது. அவற்றுள் ஒன்று வன்னி மண்ணில், நந்திக்கடலோரத்தில் நிகழ்கிறது.

சிலப்பதிகாரத்தில் கண்ணகியின் கதை தெளிவாகவே முடிகிறது. மதுரையை எரியூட்டியவள் மலைநாட்டில் வேங்கை நிழலில் நின்று, 14ஆம் நாள் கோவலனோடு வானூர்தியில் விண்ணுலகு செல்கிறாள். செங்குட்டுவன் கோயில் எடுக்கிறான். அவ்விடத்தே இலங்கைக் கயவாகு மன்னனும் வழிபட்டு வரம் வேண்டுகிறான். கண்ணகியின் சினம் இங்கே குற்றமாகக் கொள்ளப்படவில்லை. அதுவே அவளைத் தெய்வமாக்குகிறது.

அடுத்து வருவது மணிமேகலை. மாதவியின் மகளுக்கு என்ன நேர்ந்தது என்றறிய விழைவோர், உதயகுமரனின் காதல் எங்ஙனம் நிறைவுறும் என்று எதிர்பார்த்தல் இயல்பே. சாத்தனாரோ அவ்வெதிர்பார்ப்பை நிறைவேற்றவில்லை. இளவரசன் வாளால் வெட்டுண்டு மடிகிறான்; நாயகி அமுதசுரபியை ஏந்தித் துறவு பூணுகிறாள். இதனினும் வியப்பிற்குரியது வஞ்சி நகரில் நிகழ்வது. தன் படிமத்தின் முன் நின்று வினவும் மணிமேகலையிடம் கண்ணகியே பேசுகிறாள். மதுரையை எரித்த சினத்தின் தீவினை தம்மை வந்தடையும் என்றும், பல பிறப்புகள் எய்திய பின்னரே புத்தரின் அறங்கேட்டு விடுதலை பெறுவோம் என்றும் அவள் கூறுகிறாள். முதற்காப்பியம் எதனைத் தெய்வத்தன்மை என்றதோ அதனையே இரண்டாங் காப்பியம் தீர்க்கவேண்டிய வினை என்கிறது. இளங்கோவின் கண்ணகியைப் போற்றியவர்களுக்கு இது மனநிறைவு அளித்திருக்குமா? அளித்திராது என்றே எண்ணவேண்டியுள்ளது. எனினும் சாத்தனார் கேட்போரை ஏமாற்றினார் எனக் கூறுதல் பொருந்தாது. குற்றமற்றோரும் வாழ்ந்த நகரம் எரிந்ததே, அதற்கு யார் பொறுப்பு என்னும் வினா சிலப்பதிகாரத்தின் உள்ளேயே விடையின்றி நின்றது. சாத்தனார் அதற்கு விடை தேடினார். விடை கசப்பானது என்பது வேறு.

இனி மூன்றாவது தொடர்ச்சிக்கு வருவோம். முல்லைத்தீவு மாவட்டத்து வற்றாப்பளையில் வழங்கும் ஐதிகத்தின்படி, மதுரையை எரித்த கண்ணகி சினந் தணியாதவளாய் ஈழநாட்டிற்கு வந்து பல இடங்களில் தங்கினாள். அவள் தங்கிய பத்தாவது இடம் பத்தாம்பளை. அதுவே வற்றாப்பளை என மருவிற்று என்பர். அங்கே மாடு மேய்த்த சிறுவர் முன் அவள் மூதாட்டி வடிவில் தோன்றினாள். அவர்கள் பாற்புக்கை பொங்கிக் கொடுத்தனர். இருள் சூழ்ந்தபோது விளக்கேற்ற எண்ணெய் இல்லை. கடல்நீரை ஊற்றி ஏற்றுமாறு அவள் கூற, விளக்கு எரிந்தது. தலையிற் பேன் பார்க்கச் சொன்னாள். பார்த்த சிறுவர் அங்கே ஆயிரங் கண்களைக் கண்டனர். பின்பு அவள் மறைந்துபோனாள். இன்றும் வைகாசிப் பொங்கலை முன்னிட்டுச் சிலாவத்தைக் கடற்கரையில் நீர் எடுக்கப்படுகிறது. முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலில் அந்நீரால் விளக்கெரித்து, பின்னர் வற்றாப்பளைக்குக் கொண்டுசெல்வர்.

இவ்வைதிகத்தை வெறும் நம்பிக்கையாக மட்டும் நோக்குவோர் அதன் கதைநுட்பத்தைக் காணத் தவறுவர். கண்ணகி விண்ணேறினாள் என்ற முடிவு மக்களுக்குப் போதவில்லை. இவ்வளவு சினந்தவள் எங்கே இளைப்பாறினாள், அவளுக்கு யார் உணவிட்டனர் என்று அவர்கள் கேட்டனர். கேட்டார்களேயன்றி, நிகழ்ந்ததை நிகழாததாக்க முனையவில்லை. மதுரை எரிந்தது எரிந்ததே. பாண்டியன் மாண்டது மாண்டதே. கோவலனும் மீண்டு வரவில்லை. நேர்ந்த இழப்பு அனைத்தையும் ஏற்றுக்கொண்டு, அதற்குப் பின்னுள்ள ஒரு மாலைப்பொழுதையே இக்கதை சேர்க்கிறது. விருப்பத்தால் விளைந்த முடிவுகளுள் நேர்மையானவையும் உண்டு என்பதற்கு இது சான்று. கேட்போரின் விருப்பமே கதையைக் கெடுக்கும் என்று வாதிடும் திறனாய்வாளர் வற்றாப்பளையை மறந்துவிடுகின்றனர்.

முடிவை அறியாதிருத்தலே சுவையின் உயிர் என்போரும் உளர். முள்ளியவளையில் முல்லைமோடி மரபிலே கோவலன் கூத்தை விடிய விடியப் பார்த்திருந்தோருள் கோவலனுக்கு நேரப்போவதை அறியாதார் எவர்?

அண்மைக்காலத்தில் இச்சிக்கலை நன்குணர்ந்தவர் கல்கி. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்து முடிந்தபோது, இன்னார் என்ன ஆயினர், இன்னது எவ்வாறு முடிந்தது என வாசகர் பலர் வினவினர். கல்கி தம் முடிவுரையில் அவ்வினாக்களை மறைக்காமல் எடுத்துரைத்து விளக்கமளித்தார். பிற்கால நிகழ்ச்சிகளை வைத்துப் பிறர் கதை புனையலாம் எனவும் வழிவிட்டார். அதே 1954இன் இறுதியில் அவர் மறைந்தார். அவர் காட்டிய வழியில் பிறர் எழுதவே செய்தனர். வாசகரின் வினாவை மதித்தார், அவர்தம் கட்டளைக்கு மட்டும் பணியவில்லை. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள வேறுபாடு சிறிதன்று. ஷேர்லக் ஹோம்ஸை 1893இல் கொன்ற கொனன் டொயில், பத்தாண்டுக்குப் பின் அவர் இறக்கவேயில்லை என்று எழுதியதோடு இதனை ஒப்பிட்டால் அவ்வேறுபாடு புலப்படும்.

இக்காலத்தில் கணினி விளையாட்டுகளும் கதை கூறுகின்றன. ‘மங்கி ஐலண்ட்’ என்னும் கடற்கொள்ளையர் கதைவிளையாட்டின் இரண்டாம் பாகம் 1991இல் புதிரான முடிவோடு வெளிவந்தது. அதனை ஆக்கிய ரோன் கில்பர்ட் நிறுவனத்தை விட்டு நீங்கியமையால், அடுத்த பாகங்களைப் பிறர் ஆக்கினர். முதலாசிரியர் மனத்திலிருந்த முடிவு யாது என்று இரசிகர் காத்திருந்தனர். 2022இல் அவரே மீண்டு வந்து புதிய பாகத்தை வழங்கினார். அது வெளிவருமுன்னரே, ஓவியப்பாணி தம் எண்ணத்திற்கு ஒவ்வவில்லையெனச் சிலர் வசை பொழிந்தனர். மனமுடைந்த கில்பர்ட் அவ்விளையாட்டைப் பற்றித் தம் இணையப் பக்கத்தில் எழுதுவதையே நிறுத்தினார். வெளிவந்த முடிவோ மறைபொருளைத் திட்டவட்டமாக உடைத்துக் கூறாமல், ஆடுவோன் தானே தெரிந்துகொள்ளும் பல வழிகளைத் திறந்துவைத்தது. காத்திருந்த முப்பத்தோராண்டும் சிலருக்கு ஒரு கடன்பத்திரம் போலாகிவிட்டது எனலாம். காத்திருத்தல் அன்பின் அடையாளம். அது வட்டியோடு வசூலிக்கத்தக்க முதலன்று.

அவ்வாறாயின் காத்திருப்போனுக்கு எவ்வுரிமையும் இல்லையா? ஒன்று உண்டு. முடிவு இனிதாக இருக்கவேண்டும் என்று அவன் கேட்க இயலாது. ஆனால் முடிவை வந்தடைந்த வழி தனக்குக் காட்டப்படவேண்டும் என்று கேட்கலாம். சாத்தனார் வழியைக் காட்டினார். மாடு மேய்த்த சிறுவரின் கதையும் காட்டுகிறது. வழியைக் காட்டாது முடிவை மட்டும் எறிந்துவிட்டுப் போகும் ஆக்கியோனே கடப்பாட்டில் தவறியவன்.

புனைகதையில் இது சுவை பற்றிய செய்தி. வன்னியில் வாழ்வோருக்கு இது அவ்வளவில் நிற்பதன்று. கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில், போரிலும் போர் முடிவிலும் காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரி 20 அன்று தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் பிறர் தொடர்ந்தனர். கதை கேட்போனின் காத்திருப்பை இவர்களின் காத்திருப்போடு ஒருங்கு வைத்தல் தகாது. அங்கே ஆக்கியோன் விரும்பியவாறு புனையலாம், இங்கே நிகழ்ந்தது ஒன்றே ஒன்று, அதனை அறிந்தோரும் உளர். 2020 சனவரியில், காணாமற்போனோர் உண்மையில் இறந்துவிட்டனர் என்றும், விசாரணைக்குப் பின் மரணச் சான்றிதழ் வழங்கப்படும் என்றும் அன்றைய சனாதிபதி கோத்தாபய ராஜபக்ச ஐக்கிய நாடுகள் பிரதிநிதியிடம் கூறினார். உறவினர் அதனை ஏற்க மறுத்தனர். இனிய முடிவு கிட்டவில்லை என்பதற்காக அவர்கள் மறுத்தனர் என்று கருதுவோர் அவர்தம் வினாவைச் செவிமடுக்கவில்லை. யாரிடம் கையளித்தோம், அதன்பின் எங்கே கொண்டுசெல்லப்பட்டனர், என்ன நிகழ்ந்தது என்பனவே அவர்கள் ஏந்திய பதாகைகளிலும் படங்களுக்கடியிலும் நின்ற வினாக்கள்.