மேற்பார்வை

செம்பவாங் வட்டாரத்தில் அடுக்குமாடி வீடொன்றில் கொலை நிகழ்ந்துவிட்டதாக எண்ணிக்கொள்க. தாழ்வாரத்தின் குறுக்கே நாடா கட்டப்படுகின்றது. ஒருவர் நிழற்படம் எடுக்கின்றார். ஒருவர் கதவுப் பிடியில் பொடி தூவி விரற்பதிவைத் தேடுகின்றார். இன்னொருவர் குருதிக் கறையைப் பஞ்சில் ஒற்றி உறையிலிட்டு முத்திரை வைக்கின்றார். இவர்களுக்குத் தலைவராய் வந்தவரோ பெரும்பாலும் எதனையும் தொடுவதில்லை. யார் எங்கே நடக்கலாம், எதனை முதலில் எடுக்கவேண்டும் என்று பணிப்பதும், பின்னர் அவர்கள் எழுதியதைப் படித்துக் கையொப்பமிடுவதுமே அவர் வேலை. தம் கை படாத ஒன்றுக்குத் தம் பெயரை ஈகின்றார் அவர். அப்பெயரை நம்பி ஒருவன் சிறை புகலாம். சிங்கப்பூரில் தூக்குமேடையும் ஏறலாம். அக்கையொப்பத்தின் பொருள்தான் யாது?

‘மேல்’ என்னும் சொல்லுக்கு உயரம் என்றும் பொருளுண்டு; இன்னும், அதற்கப்பால் என்றும் பொருளுண்டு. ஆகவே மேற்பார்வை என்பது மேலிருந்து பார்த்தலும் ஆகும். மேலும் பார்த்தலும் ஆகும். முன்னதற்குப் பதவி போதும். பின்னதற்கோ, கீழுள்ளவர் கண்ட முடிவைக் கேளாதவர்போல் முதலிலிருந்து தொடங்கும் பொறுமை வேண்டும். இவ்விரண்டும் ஒன்றென மயங்குவதில்தான் கேடு விளைகின்றது.

சிலப்பதிகாரத்துப் பாண்டியன் பொய் சொன்னவன் அல்லன். சிலம்பைப் பற்றி அரண்மனைப் பொற்கொல்லனினும் அறிந்தவர் யார்? துறை வல்லவன் சொன்னான், மன்னன் ஒப்பினான். சிலம்பினுள் இருப்பது முத்தா, மாணிக்கமா என்று பார்க்கும் ஆய்வோ மிக எளியது. கோவலன் உயிரோடிருந்தபோதே செய்திருக்கத் தக்கது. அதனைச் செய்யவைக்கக் கண்ணகி வரவேண்டியிருந்தது. வகுப்பறைகளில் இக்காட்சியை அறத்தின் சீற்றமாகவே கற்பிக்கின்றோம். சான்றுப் பொருளைத் திறந்து பாராத ஒரு மேலதிகாரியின் கதையாகவும் ஒருமுறை கற்பித்துப் பார்க்கலாம்.

அப்பிழை பழங்கதையோடு ஒழியவில்லை. 2004 மார்ச் 11 அன்று மாட்ரிட் நகரத் தொடர்வண்டிகளில் குண்டுகள் வெடித்து 190க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வெடிதூண்டிகள் இருந்த நெகிழிப் பையொன்றில் விரற்பதிவு கிடைத்தது. அஃது ஓரிகான் மாநிலத்து வழக்கறிஞர் ஒருவருடையது என்றது அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. முதலாமவர் ஒப்பிட்டார், இரண்டாமவர் சரிபார்த்தார், பிரிவுத் தலைவரும் ஆம் என்றார். ஸ்பானியக் காவல்துறை ஏப்ரல் மாதத்திலேயே பொருந்தவில்லை என்று தெரிவித்தும் அவர்கள் அசையவில்லை. வழக்கறிஞர் இரண்டு வாரம் காவலில் கிடந்தார். மே மாதத்தில், அப்பதிவு அல்ஜீரியர் ஒருவருடையது என ஸ்பானியர் கண்டறிந்தனர். முதலாமவரின் முடிவு மற்றவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது என்பதைப் பின்னாளைய ஆய்வு சுட்டியது. மூன்று கையொப்பங்கள், பார்வையோ ஒன்றுதான்.

பொருத்தம் சரியாகவே இருந்தாலும் மேற்பார்வையாளரின் வேலை முடிவதில்லை. வங்காளத்து ஜல்பைகுரி மாவட்டத்தில் 1897இல் தேயிலைத் தோட்ட மேலாளர் ஒருவர் கழுத்தறுபட்டுக் கிடந்தார். அவருடைய பொருள்களிடையே இருந்த பஞ்சாங்கத்தின் மேல் குருதி தோய்ந்த விரற்பதிவு காணப்பட்டது. முன்பு திருட்டுக்காகச் சிறை சென்ற பழைய வேலையாள் ஒருவனின் வலக்கைப் பெருவிரலோடு அது பொருந்தியது. 1898இல் அவன் திருட்டுக் குற்றத்திற்கே தண்டிக்கப்பட்டான். கொலைக் குற்றத்திலிருந்து விடுவிக்கப்பட்டான். அவன் அங்கிருந்தான், பொருளைத் தொட்டான் என்ற அளவில் அவ்விரல் பேசிற்று. கத்தியைப் பிடித்தது யார் என்று அது பேசவில்லை. குருதி கண்டு கொதித்த ஊர் இதில் எவ்வளவு நிறைவடைந்திருக்கும் என்பது வேறு.

அக்காலத்துக் கல்கத்தா விரற்பதிவுக் கூடத்தில் அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் இருவரும் உழைத்து உருவாக்கிய வகைப்பாட்டு முறை, அவர்களுடைய மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயராலேயே உலகெங்கும் வழங்கலாயிற்று. பிறர் கைப்பணிக்குத் தம் பெயர் ஈவோர் அதன் புகழையும் எடுத்துக்கொள்வது புதிதன்று. பழியையும் அவ்வாறே ஏற்பவர் அரியர்.

சிங்கப்பூரில் மரபணு ஆய்வு போன்றவற்றைச் செய்வது காவல்துறையன்று. 2001இல் நிறுவப்பட்ட சுகாதார அறிவியல் ஆணையம். கைது செய்வோரும் சோதிப்போரும் வெவ்வேறாய் இருத்தல் நல்ல ஏற்பாடே. ஆயினும் எதனை எடுத்து அனுப்புவது, எதனை விடுவது என்பது நிகழ்விடத்தில் நிற்பவரின் கையில்தான் உள்ளது.

2005இல் பூன் லே வட்டாரத்தில் முதிய பெண்மணி ஒருவர் தம் வீட்டில் கொல்லப்பட்டார். சகோதரர் இருவருக்கு உயர் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 2011 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்களுள் ஒருவரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. அவர் அவ்வீட்டினுள் இருந்தார் என்று காட்டும் தடயம் ஏதுமில்லை. அவருடைய வாக்குமூலங்களே இருந்தன. உள்ளே வந்தவன் ஒருவனே என்று அப்பெண்மணியின் கணவர் கூறியிருந்ததோ எதிர்த்தரப்புக்கு நெடுங்காலம் கிட்டவில்லை. எதிர்த்தரப்புக்குத் துணையாகக்கூடியதை அரசுத் தரப்பு வெளியிடவேண்டும் என்ற கடமை இத்தீர்ப்பால் வரையறுக்கப்பட்டது.

‘தேடப்பட்டது, கிடைக்கவில்லை’ என்று இளைய அலுவலர் ஒருவர் எழுதும் வரிக்கு அதனால் எடை கூடியிருக்கின்றது. அறிக்கையைத் திருத்துபவர் அதனைப் பயனற்ற வரியென அடித்துவிடலாம், கேட்பார் இரார். அதனினும் எளிது, தேடவே சொல்லாமல் விடுவது. வந்தவர் இருவர் என்று காவலர் அனைவரும் நம்பும் வீட்டில், இரண்டாமவரின் காலடிச் சுவடு எங்கே என்று முதலில் கேட்கவேண்டியவர், நாடாவிற்கு உள்ளே எதனையும் தொடாமல் நிற்கும் அவரே.