ஒரு நிமிடமும் ஒரு பொய்யும்

இலங்கையின் கிழக்குக் கரையில் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பக்கம் ஆங்கிலப் பேச்சுப் பரீட்சைக்கு ஆயத்தமாகிற பிள்ளைகளுக்கு ஒரு சந்தேகம் வரும். ஆங்கில ஆசிரியரிடம் கேட்டால் சிரித்துவிட்டுப் போவார். மௌலவியிடம்தான் கேட்க வேண்டும்: "நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்லிப் புள்ளி எடுத்தால் பொய் சொன்ன பாவம் சேருமா ஹஸ்ரத்?"

சந்தேகம் கிளம்புகிற இடம் இதுதான். ஐஈஎல்டிஎஸ் பேச்சுப் பரீட்சை மொத்தமே 11 முதல் 14 நிமிடம். அதன் இரண்டாம் பகுதியில் பரீட்சகர் ஓர் அட்டையை நீட்டுவார். மறக்காத ஒரு பயணம், ஒன்றைக் கற்றுத் தந்த ஒருவர், ரசித்த ஒரு படம் என்று ஏதாவது தலைப்பு. அதன் கீழ் மூன்று நான்கு குறிப்புகள். கூடவே ஒரு தாளும் பென்சிலும். ஆயத்தமாக ஒரு நிமிடம். பிறகு ஒன்று முதல் இரண்டு நிமிடம் வரை தனியாகப் பேச வேண்டும். இரண்டு நிமிடம் ஆனதும் பரீட்சகர் நிறுத்திவிடுவார். புள்ளி நான்கு விடயங்களுக்கு: தடங்கலின்றிக் கோவையாகப் பேசுவது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. சொன்னது உண்மையா என்று பார்க்க ஐந்தாவது நிரல் கிடையாது. அதனால்தான் டியூசன் வகுப்புகளில் இப்படியோர் ஆலோசனை புழங்குகிறது: "ஒன்றும் ஞாபகம் வராட்டிப் புளுகுங்க. அவங்க செக் பண்ணப் போறதில்ல."

பேசினால் பொய் பேசுவது நயவஞ்சகனின் அடையாளம் என்ற ஹதீஸைக் குர்ஆன் மத்ரஸாவிலேயே பாடமாக்கிய பிள்ளைக்கு இந்த ஆலோசனை தொண்டையில் சிக்கும். படம் பார்க்கும் பழக்கமில்லாத வீடு. அட்டையிலோ ரசித்த படம். இருபது விநாடி படத்தைத் தேடுவதில் போகும். இன்னோர் இருபது விநாடி, சொல்லலாமா கூடாதா என்ற தயக்கத்தில் போகும். மிச்சத்தில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது? மார்க்கப் பிரச்சினை ஒன்று நேரப் பிரச்சினையாக மாறுகிற விசித்திரமான இடம் இது.

பொய்க்குச் சலுகை தருகிற அறிவிப்பு ஒன்று ஸஹீஹ் முஸ்லிமில் உண்டு. யுத்தம், பிணங்கியவர்களைச் சேர்த்துவைத்தல், கணவன் மனைவிக்கிடையிலான பேச்சு என்று மூன்று இடங்கள். பரீட்சை அந்தப் பட்டியலில் இல்லை. எனவே சலுகையைத் தேடுவதில் பயனில்லை. அட்டைக்குச் சொல்கிற கதை முதலில் பொய்தானா என்றே கேட்க வேண்டும்.

கிறிஸ்தவ இறையியலாளர் அகஸ்தீன் 395 வாக்கில் பொய்யைப் பற்றியே தனியாக ஒரு நூல் எழுதினார். ஏமாற்றும் எண்ணத்தை அவர் உரைகல்லாக எடுத்துக்கொண்டார். வேடிக்கைக்குச் சொல்வதைக் கணக்கிலிருந்து ஒதுக்கிவைத்தார். மத்ரஸாக்காரர்களுக்கு இன்னும் நெருக்கமான சாட்சி பஸ்ராவின் ஹரீரி. 1122இல் மறைந்த அவருடைய மகாமாத் 50 கதைகள் கொண்டது. அபூ ஸைத் அஸ்ஸரூஜி என்ற கற்பனை எத்தன் ஊர் ஊராகப் போய் நாவன்மையால் மக்களை மயக்கிக் காசு பறிக்கிற கதைகள். அந்தப் புத்தகத்தைத் தெற்காசிய மத்ரஸாக்களின் நிஸாமியாப் பாடத்திட்டம் அரபு மொழி கற்பிக்கவே வைத்திருக்கிறது. இட்டுக்கட்டிய கதை என்று தம்மைக் குறைசொல்வார்கள் என ஹரீரிக்கு முன்பே தெரியும். முகவுரையிலேயே பதில் எழுதிவைத்தார். செயல்கள் எண்ணத்தைப் பொறுத்தவை. மிருகங்கள் பேசுகிற கதைகளை யாரும் பொய்யென்று தள்ளவில்லை. தம் நோக்கம் கற்பிப்பதே தவிர ஏய்ப்பதல்ல. இதுதான் அவருடைய வாதத்தின் சாரம்.

மருத்துவத் துறையினருக்கான ஓஈடி பரீட்சை இதை இன்னும் வெளிச்சமாக்குகிறது. அதில் தாதிக்கு ஒரு காட்சி கொடுக்கப்படும், சுமார் மூன்று நிமிடம் ஆயத்த நேரம் கிடைக்கும். பிறகு நோயாளியாக நடிக்கும் ஒருவரிடம் ஐந்து நிமிடம் பேச வேண்டும். நோயும் இல்லை, வார்டும் இல்லை. இருவருக்கும் அது தெரியும். அங்கே யாரும் ஃபத்வா கேட்பதில்லை. ஐஈஎல்டிஎஸ் அட்டைக்கு இட்டுக்கட்டுகிற கதையும் ஏறக்குறைய இதே இனம்தான். சோதிக்கப்படுவது மொழி. பரீட்சகர் அந்தக் கதையை நம்பி எதையும் இழக்கப்போவதில்லை.

ஆனால் பொய் அந்தப் பரீட்சை அறைக்குள் வேறொரு கதவால் வருகிறது. பிள்ளைகள் கதையைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். கவலைப்பட வேண்டியது பாடமாக்கிய விடையைப் பற்றி.

இந்தக் கரையோரத்தில் பாடமாக்குவது சாதாரண திறமையல்ல, பரம்பரைச் சொத்து. 30 ஜுஸ்உ, 6,236 வசனம், ஓர் எழுத்துப் பிசகாமல் நெஞ்சில் ஏற்றிய ஹாபிழ்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். உஸ்தாதின் முன்னால் உட்கார்ந்து ஓதிக்காட்டி, பிழை பிடிபட்டால் திரும்ப ஓதி வளர்ந்த நாவு அது. அந்தப் பழக்கத்தோடு வருகிற பிள்ளை கையேட்டிலுள்ள முப்பது நாற்பது விடைகளை ஒரு மாதத்தில் விழுங்கிவிடும். இரண்டும் ஒரே வேலைபோலத் தெரியும். ஹாபிழ் ஓதும்போது அது யாருடைய வார்த்தை என்பதில் கேட்பவருக்கு மயக்கமே இல்லை. அதை மாற்றாமல் ஒப்புவிப்பதே அங்கே நேர்மை. பரீட்சார்த்தியோ வேறொருவர் எழுதிய பத்தியைத் தான் இப்போது யோசித்துப் பேசுவதாகக் காட்டி ஒப்புவிக்கிறார். அகஸ்தீனின் உரைகல்லில் இங்கேதான் கோடு விழுகிறது. ஹரீரியின் வாதமும் கைகொடுக்காது, ஏனென்றால் இங்கே எண்ணமே ஏய்ப்பதுதான்.

பலனும் குறைவு. புள்ளித் திட்டத்தின் 2, 3 என்ற கீழ்மட்டங்களை விவரிக்கும்போதே பாடமாக்கிய பேச்சு ஓர் அடையாளமாகச் சொல்லப்படுகிறது. பரீட்சகர்களும் அதைக் கண்டுபிடிக்கப் பயிற்சி பெற்றவர்கள்தான். பிரித்தானியாவில் தாதியாகப் பதிவுசெய்யப் பேச்சில் 7 வேண்டும். அந்த 7 ஓர் அமானிதம். நள்ளிரவில் நெஞ்சுவலி என்கிற ஒரு கிழவிக்கு, இந்தப் பிள்ளையின் பேச்சு உனக்கு விளங்கும் என்று கொடுக்கிற சாட்சி.

வெளிநாட்டு மொழியில் மட்டும்தான் இப்படி என்றில்லை. 2007 ஜூலை 1க்குப் பின் அரச சேவையில் சேர்ந்தவர்கள் ஐந்து ஆண்டுக்குள் இரண்டாவது அரச கரும மொழியில் தேர்ச்சி காட்ட வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. அதில் வாய்மொழிப் பரீட்சையும் உண்டு. பத்துச் சிங்கள விடைகளைப் பாடமாக்கி அதில் தப்பிவிடலாம். மறுவாரம் உகனையிலிருந்து காணி உறுதியோடு வந்து நிற்கிற சிங்கள விவசாயி அந்தப் பத்திலிருந்து கேட்கமாட்டார்.

சரி, இட்டுக்கட்டுவது பாவமில்லை என்றே வைத்துக்கொள்வோம். புத்திசாலித்தனமா? இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் நாவின் ஆபத்துகளைப் பற்றி எழுதும்போது ஓர் அளவுகோல் வைக்கிறார். பேச்சு ஒரு நோக்கத்துக்கான வழி. நல்ல நோக்கம் ஒன்றை மெய்யாலும் அடையலாம், பொய்யாலும் அடையலாம் என்றிருந்தால் அங்கே பொய்க்கு இடமில்லை. அவர் இதை எழுதி ஒன்பது நூற்றாண்டுக்கு மேலாகிறது. பரீட்சை ஆலோசனையாகவும் இதைவிட நல்லது கிடைப்பது கடினம், ஏனென்றால் அந்த ஒரு நிமிடத்தில் மெய்தான் மலிவு. பொய்க்கு ஆளைப் படைக்க வேண்டும், பெயர் வைக்க வேண்டும், ஊர் தேட வேண்டும். நினைவில் இவையெல்லாம் தயாராக இருக்கின்றன. செலவழிக்க வேண்டியது ஆங்கிலத்துக்கு மட்டும்.

மருதமுனையிலிருந்து ஒரு மாணவி போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அட்டையில், உங்களுக்குப் பயனுள்ள ஒன்றைக் கற்றுத் தந்தவர். கையேட்டு விடை ஒரு கணித ஆசிரியரைப் பற்றியது, நிறைய அழகான உரிச்சொற்களோடு. அவள் அதை விட்டுவிட்டுத் தாளில் எழுதுகிறாள்: மூத்தாப்பா, தறி, சுபஹுக்குப் பிறகு, சாயம் பட்ட விரல், நூல் அறுந்தது, ஏசவில்லை. இவ்வளவுதான். பாதியைத் தமிழில் எழுதினாலும் குற்றமில்லை. அந்தத் தாளுக்குப் புள்ளி கிடையாது, முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். தறியில் குறுக்கே ஓடி நூலை இழுக்கிற கட்டைக்கு ஆங்கிலச் சொல் அவளுக்குத் தெரியாது. பாதகமில்லை. நூலைச் சுமந்துகொண்டு அங்குமிங்கும் ஓடும் சின்னக் கட்டை என்று சுற்றிச் சொன்னால், சொல்வளத்துக்குரிய புள்ளி குறையாது. தெரியாத சொல்லைச் சுற்றிவந்து சொல்லும் திறமைக்கும் அங்கே மதிப்புண்டு. பேச்சு முடிந்ததும் பரீட்சகர் ஒன்றிரண்டு கேள்வி கேட்பார்: அவர் இப்போதும் நெய்கிறாரா? கணித ஆசிரியர் இந்த இடத்தில் மூச்சுவிட மாட்டார். மூத்தாப்பாவுக்கு மட்டும் பதில் இருக்கும்.

சுற்றிச் சொல்வதில் எல்லோரையும் மிஞ்சியவர் வாஸில் இப்னு அதா. முஃதஸிலா என்ற இறையியல் பிரிவினரின் முன்னோடி, 748இல் மறைந்தவர். அவருக்கு 'ர' எழுத்து வராது. அரபியில் அந்த எழுத்தில்லாமல் நாலு வசனம் பேசுவதே பெரும்பாடு. ஈராக்கின் ஆளுநர் முன்னிலையில், ஏனைய பேச்சாளர்கள் ஆயத்தத்தோடு வந்திருந்த சபையில், அவர் அந்த எழுத்தே தட்டுப்படாமல் ஒரு முழு உரையை அங்கேயே நிகழ்த்தினார் என்று அரபு இலக்கியம் கொண்டாடுகிறது. அரபு எழுத்தாளர் ஜாஹிழும் அவருடைய இந்தத் திறமையை வியந்து எழுதியிருக்கிறார். வாஸில் அந்த உரையைப் பாடமாக்கி வரவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் மாற்றுச் சொல் தேடுகிற வேலையைப் பல ஆண்டுகளாக அன்றாடப் பேச்சில் செய்துவந்திருந்தார். அவருடைய ஆயத்த நேரம் அது.

2006இல் வெளியான ஓர் ஆய்வும் அந்தத் திசையையே காட்டுகிறது. கேத்தரின் எல்டரும் ஜிலியன் விக்கிள்ஸ்வொர்த்தும் ஐஈஎல்டிஎஸ் இரண்டாம் பகுதியை ஆயத்த நேரமே இல்லாமலும், ஒரு நிமிடத்தோடும், இரண்டு நிமிடத்தோடும் நடத்திப் பார்த்தார்கள். புள்ளிகளில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆனாலும் பரீட்சார்த்திக்கு நியாயம் செய்வதற்காக அந்த நிமிடம் இருக்கட்டும் என்றே பரிந்துரைத்தார்கள். மாதக்கணக்கில் பேசாத வாயை அறுபது விநாடி திறந்துவிடாது. ஒலுவில் பல்கலைக்கழகத்தில் அரபு படிக்கிற பிள்ளைகளைக் கேட்டாலும் தெரியும்: சிறுவயதிலிருந்து ஓதிய மொழிதான், ஆனால் ஓர் அரபியோடு பேச உட்கார்ந்தால் முதல் வாரம் நாக்கு நகராது.

அப்படியானால் அந்த நிமிடத்தில் என்ன செய்வது? துஆ ஓதலாமா?

ஓதலாம், அதற்கென்றே அமைந்ததுபோல ஒன்று இருக்கிறது. பிர்அவ்னிடம் போகுமுன் மூஸா நபி கேட்டது, தாஹா அத்தியாயத்தின் 25 முதல் 28 வரை. பரீட்சைக் காலையில் உம்மாமார் ஓதி அனுப்புகிற துஆ. நெஞ்சை விரிவாக்கவும் காரியத்தை இலேசாக்கவும் நாவின் முடிச்சை அவிழ்க்கவும் கேட்டுவிட்டு, கேட்பவர்களுக்குத் தம் பேச்சு விளங்க வேண்டும் என்று முடிக்கிறார். பேச்சு அழகாக வேண்டும் என்று கேட்கவில்லை. துஆவோடு நின்றுவிடவும் இல்லை. தம்மைவிடத் தெளிவாகப் பேசுகிற அண்ணன் ஹாரூனைத் துணைக்குக் கேட்டார். துஆவும் ஏற்பாடும் ஒரே மூச்சில் வருகின்றன. பசியோடு சாப்பாட்டின் முன்னால் உட்கார்ந்து கையை நீட்டாமல் இருப்பது தவக்குல் அல்ல, பைத்தியம் என்று கஸ்ஸாலி வேறோர் இடத்தில் சொல்வதும் இதைத்தான். துஆவுக்குப் பத்து விநாடி போதும். அதையும் வாசலிலேயே ஓதிவிட்டால் பென்சிலுக்கு முழு நிமிடமும் மிஞ்சும்.

அந்த நிமிடத்தில் பலர் உதட்டை அசைத்து முதல் வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பார்கள். வஹீ இறங்கும்போது நபியவர்கள் அதைப் பிடித்துக்கொள்ள அவசரமாக நாவை அசைத்தார்கள், வேண்டாம் என்று சொல்லப்பட்டது என்பது அல்கியாமா அத்தியாயத்தின் 16ஆம் வசனத்துக்கான விளக்கம். வஹீ பற்றிய வசனத்தைப் பரீட்சைக் குறிப்பாக இறக்குவது கொஞ்சம் அத்துமீறல்தான். ஆனாலும் தவறிவிடுமோ என்ற பதற்றத்தில் உதடு முந்துவது மனித இயல்பு. பயிற்சியில் கண்டது இது: முதல் வசனத்தை மட்டும் தீட்டிக்கொண்டு போகிறவர்கள் இரண்டாவதில் நின்றுவிடுவார்கள். ஆறு சொல் எழுதியவர்களுக்கு ஆறு இடம் இருக்கிறது, ஒன்றில் தடுக்கினால் அடுத்ததுக்குப் போகலாம்.

படம் பார்க்காத பிள்ளைக்கும் வழி மூடவில்லை. எங்கள் வீட்டில் படம் பார்க்கும் வழக்கமில்லை, போனில் பார்த்த மீன்பிடி வீடியோ ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன் என்று ஆரம்பித்தால் தலைப்பைத் தொட்டதாயிற்று, மெய்யும் சொன்னதாயிற்று.

மெய் எப்போதும் மலிவு என்றும் சொல்லிவிட முடியாது. இந்தக் கரையில் வளர்ந்தவர்களுக்கு மறக்க முடியாத நாள் என்ற அட்டை வந்தால் மனம் முதலில் போய் நிற்பது 2004 டிசம்பர் 26. சுனாமி அலை வீட்டை எடுத்தது, சிலருக்கு ஆட்களையும். இரண்டு நிமிடத்தில் நிறுத்தச் சொல்கிற ஒருவரின் முன்னால், இலக்கணப் புள்ளிக்காக அதை எடுத்து வைக்க வேண்டுமா? மார்க்கம் பொய் சொல்லாதே என்கிறது. தெரிந்த மெய்யையெல்லாம் சொல் என்று கட்டாயப்படுத்தவில்லை. உம்மா இல்லாமல் போன நாளைச் சொல்லாமல், சாதாரண தரப் பெறுபேறு வந்த நாளைச் சொல்கிறவர் எதையும் மறைத்த குற்றவாளி அல்ல. எந்த நினைவைப் பரீட்சைக்குக் கொடுப்பது, எதைக் கொடுக்காமல் வைத்துக்கொள்வது என்று அட்டையைப் பார்த்த பிறகு முடிவெடுக்க ஒரு நிமிடம் காணாது. பரீட்சைக்காகக் கொழும்புக்கு இரவு பஸ் ஏறுவதற்கு முந்திய வாரங்களில் அதையும் ஒரு பாடமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.