கொட்டடிக்குள்ளிருந்து வந்த சட்டம்

சிறைச் சீர்திருத்தம் என்றதும் நல்லெண்ணம் கொண்ட அதிகாரிகளும் ஆணையங்களும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் இந்தியாவில் கைதிக்குச் சட்டம் இன்று ஒப்புக்கொள்ளும் உரிமைகளில் பல, உள்ளே அடைபட்டவர்கள் எழுதிய மனுக்களால் கிடைத்தவை. டெல்லி திகார் சிறையில் இருந்த சுனில் பத்ராவின் வழக்கு அதைத் தெளிவாகக் காட்டும்.

பத்ராவுக்குக் கீழ் நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்திருந்தது. உயர் நீதிமன்றம் அதை இன்னும் உறுதிசெய்யவில்லை. அதற்குள் அவரைத் தனிக்கொட்டடியில் பூட்டிவிட்டார்கள். நிர்வாகம் காட்டிய ஆதாரம் 1894ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்தின் 30ஆவது பிரிவு. தூக்குத் தண்டனை பெற்றவரை மற்றவர்களிடமிருந்து பிரித்து, இரவும் பகலும் காவலில் வைக்க வேண்டும் என்கிறது அது. ஆனால் அன்று நடைமுறையில் இருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தில் தனிமைச் சிறை என்பதே ஒரு தண்டனை. நீதிமன்றம் மட்டுமே விதிக்கலாம்; மொத்தம் 3 மாதத்துக்கு மேல் கூடாது; ஒரே தொடர்ச்சியாக 14 நாளைத் தாண்டக் கூடாது. நீதிபதிக்கே இத்தனை வரம்பு இருக்கும்போது ஜெயிலர் மட்டும் வரம்பில்லாமல் எப்படித் தனிமையில் அடைக்கலாம் என்பதுதான் வழக்கின் மையம். கூடவே, திகாரில் விசாரணைக் கைதியாக இருந்த சார்லஸ் சோப்ராஜ், ஓயாமல் பூட்டிவைத்த கால்விலங்கை எதிர்த்துத் தொடுத்த மனுவும் விசாரணைக்கு வந்தது.

சிறைக்குள் அடைபட்டவருக்கு என்ன உரிமை என்ற கேள்விக்கு ஒரு முன்கதை உண்டு. 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் மத்திய சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் இறந்தார்கள். அதே ஆண்டு, சென்னை மாகாணச் சிறையில் விசாரணையின்றி வைக்கப்பட்டிருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். ஒருவரின் சுதந்திரத்தைப் பறிக்கும் சட்டம் நியாயமானதாகவும் இருக்க வேண்டாமா என்று கேட்டார். பெரும்பான்மை நீதிபதிகள் ஏற்கவில்லை. சட்டம் முறைப்படி இயற்றப்பட்டிருந்தால் போதும் என்றார்கள். காவலுக்கான காரணத்தை நீதிமன்றத்தில்கூட வெளியிடக் கூடாது என்ற, தடுப்புக் காவல் சட்டத்தின் 14ஆவது பிரிவு மட்டும் ரத்தானது. நீதிபதி ஃபசல் அலி மாறுபட்டு எழுதினார். அவர் பக்கம் நீதிமன்றம் முழுதாகத் திரும்பியது 1978 ஜனவரியில், மேனகா காந்தி வழக்கில். நடுவில் ஒரு நெருக்கடி நிலையையே நாடு பார்த்துவிட்டது.

ஏழு மாதம் கழித்து, 1978 ஆகஸ்ட் 30 அன்று பத்ரா வழக்கில் தீர்ப்பு வந்தது. மேல்முறையீடும் கருணை மனுவும் முடியும்வரை ஒருவரைத் தூக்குக் கைதியாக நடத்தக் கூடாது. பிரித்து வைப்பது தனிமைச் சிறை ஆகாது. விலங்கிட்டால் காரணம் சொல்ல வேண்டும், இரவு பகலாகத் தொடரக் கூடாது. பழைய பிரிவுகளை ரத்து செய்யாமல், அவற்றுக்குக் குறுகிய பொருள் கொடுத்தே இதைச் செய்தது நீதிமன்றம். அவற்றை அடியோடு நீக்கியிருக்க வேண்டும் என்பதே என் எண்ணம். இந்த வழக்கில் விரிவாக எழுதிய நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், கோபாலனைப் போலவே மலபார் அரசியலில் உருவானவர். 1948இல் சிறையில் இருந்தவர். 1957இல் கேரளத்தின் சிறைத் துறையை அமைச்சராகக் கவனித்தவர்.

பத்ரா அதோடு நிறுத்தவில்லை. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்த முறை தனக்காக அல்ல. சக கைதி ஒருவரிடம் பணம் பறிக்க வார்டர் ஒருவர் கொடூரமாகச் சித்திரவதை செய்தார் என்பதே கடிதத்தின் செய்தி. முத்திரைத்தாள் இல்லை, வக்கீல் இல்லை. நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே ஆட்கொணர்வு மனுவாக ஏற்றது. வழக்கறிஞர்களை நியமித்துச் சிறைக்குள் அனுப்பியது. காயத்துக்கு வேறு காரணம் சொல்லி மூடிமறைக்க நடந்த முயற்சிகளும் வெளிவந்தன. ஆட்கொணர்வு மனு என்றால் சட்டவிரோதக் காவலிலிருந்து விடுவிப்பது என்றிருந்த நிலை மாறி, சட்டப்படி அடைக்கப்பட்டவர் உள்ளே எப்படி நடத்தப்படுகிறார் என்று கேட்கவும் அது கருவியானது. அடிபட்டவருக்காகப் பக்கத்துக் கொட்டடிக்காரரே வாதியாகலாம் என்பதுதான் எனக்கு இதில் பெரிய விஷயம்.

1979 டிசம்பர் தீர்ப்பு, சிறைகளில் பூட்டிய புகார்ப் பெட்டி, மாவட்ட நீதிபதியின் நேரடி வருகை, வழக்கறிஞர்கள் கைதிகளைத் தனியே சந்திக்கும் ஏற்பாடு, உரிமைகளைச் சொல்லும் கையேடு ஆகியவற்றுக்கு வழி செய்தது. ஆனால் கடிதம் எழுதத் தெரிந்தவருக்கும், எழுதினால் தாங்கும் தைரியம் உள்ளவருக்கும்தான் இந்த வழி முழுதாகத் திறந்திருக்கிறது. உதாரணத்துக்கு, சாதி பார்த்துக் கழிவறை சுத்தம் செய்யும் வேலையை ஒதுக்கும் விதிகள் பல மாநிலச் சிறைக் கையேடுகளில் நெடுங்காலம் இருந்தன. அவை உச்ச நீதிமன்றத்தில் வீழ்ந்தது 2024 அக்டோபர் 3 அன்று. அதற்கு வழக்குத் தொடுத்தவர் சுகன்யா சாந்தா என்ற பத்திரிகையாளர். எந்தப் புகார்ப் பெட்டியும் அந்த விதிகளை அதுவரை அசைத்திருக்கவில்லை. சிறைப் பதிவேட்டில் சாதிக்கென்று இருந்த கட்டத்தையே நீக்கும்படி அன்று நீதிமன்றம் உத்தரவிட்டது. கையேடுகளைத் திருத்த மாநிலங்களுக்கு 3 மாதம் கெடு கொடுத்தது.