கை கொடுப்பதும் மறுப்பதும்

'ஆட்டக்காரி' என்பது எங்கள் பகுதியில் வசவு. குழாயடிச் சண்டையில் எல்லாம் பேசி முடித்த பிறகு கடைசியாக வந்து விழுகிற வார்த்தை. குரோம்பேட்டையில் ஒரு மாடி ஹாலுக்கு நான் சனிக்கிழமைதோறும் ஜோடி நடனம் ஆடப் போகிறேன் என்று தெரிந்தபோது அம்மா அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. ஆனால் சொல்லாமல் விட்டது எனக்குக் கேட்டது. "எவன் கையையோ புடிச்சிக்கினு ஆடுறியாமே, எம்மே படிச்சது இதுக்குத்தானா?" என்றாள். இயக்கத் தோழர் ஒருவர் கேட்டது வேறு மாதிரி. "மலக்குழியில எறங்கி நம்ம ஆளு செத்துக்கினு இருக்கான். உனக்கு சல்சா கேக்குதா தோழர்?"

இரண்டுக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். இரண்டில் அம்மாவுடையதுதான் கஷ்டமான கேள்வி.

அம்மாவின் பயம் மூடத்தனமல்ல. நம் பெண்களுக்கு ஆட்டம் என்பது பெரும்பாலும் ஆட வைக்கப்பட்டதுதான். திருவிழாவில் கரகம் சுமந்து ஆடுகிறவளின் ரவிக்கையில் ரூபாய் நோட்டை ஊக்கால் குத்துகிற கை யாருடையது என்று நமக்குத் தெரியும். அவன் அனுமதி கேட்டதில்லை. அவள் மறுக்கவும் வழியில்லை. இன்னொரு பக்கம், சதிராட்டத்தைக் கழுவித் துடைத்துப் பரதநாட்டியம் என்று பெயர் சூட்டினார்கள். 1936இல் அடையாறில் ருக்மிணி தேவி கலாக்ஷேத்திராவைத் தொடங்கினார். 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. ஒழிக்க வேண்டியது ஒழிந்தது, சரி. ஆனால் ஆடிக்கொண்டிருந்தவர்கள் வெளியே போய், அவர்களுடைய ஆட்டம் மட்டும் வேறு வீட்டுப் பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்தது. கௌரவமான நடனம் என்றால் மேடை, சபா, டிசம்பர் மாதம் என்று ஆகிப்போனது. கரகமானாலும் கச்சேரியானாலும் ஒருத்தி ஆட, மற்றவர்கள் உட்கார்ந்து பார்க்கிறார்கள். நான் போகிற ஹாலில் பார்ப்பதற்கென்று யாரும் வருவதில்லை. வந்தவர்கள் எல்லாரும் ஆட வந்தவர்கள். கால் வலித்தால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவார்கள், அவ்வளவுதான்.

தமிழ் படித்தவள் என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆணும் பெண்ணும் கை கோத்து ஆடுவது வெள்ளைக்காரன் கொண்டுவந்த கேடு என்பவர்கள் துணங்கையையும் குரவையையும் எங்கே வைப்பார்கள்? குறுந்தொகை 31ஆம் பாட்டில் ஆதிமந்தி தன் காதலனைத் திருவிழாவிலும் பெண்கள் தழுவி ஆடும் துணங்கையிலும் தேடி அலைகிறாள். தானும் ஆடுகிறவள், அவனும் ஆடுகிறவன் என்று கூச்சமில்லாமல் சொல்கிறாள். பதிற்றுப்பத்து 52இல் துணங்கையில் பெண்களுக்குக் கை கொடுத்து ஆடிய சேர அரசன்மீது அவன் மனைவி குவளைப் பூவை எறிய ஓங்குகிறாள். கோபம் அவன் யாரோடு ஆடினான் என்பதில்தான், ஆடியதில் இல்லை. இதை வைத்துச் சங்க காலப் பெருமை பேச எனக்கு ஆசை கிடையாது. துடி அடிக்கிறவனைப் புலையன் என்றும் இழிசினன் என்றும் விளிக்கிற பாட்டும் அதே தொகை நூல்களில்தான் இருக்கிறது, புறநானூறு 287இல்.

எங்க ஆயா ஆயா வேலை பார்த்தவள். அம்மாவின் அம்மாவை நாங்கள் ஆயா என்றுதான் கூப்பிடுவோம். அவள் செய்த வேலைக்கும் அதுதான் பெயர். தாம்பரம் ரயில்வே காலனியில் ஒரு ஆங்கிலோ இந்தியன் டிரைவர் வீட்டில் குழந்தை பார்த்தாள். 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. பரங்கிமலை, பல்லாவரம், தாம்பரம் என்று அந்தத் தண்டவாளத்தை ஒட்டி ஆங்கிலோ இந்தியர்கள் வாழ்ந்தார்கள். (பல்லாவரத்தில்தான் மறைமலையடிகள் உட்கார்ந்து தமிழிலிருந்து வடமொழியைக் களைந்துகொண்டிருந்தார். அதே ஊர்க் காற்றில் சாக்ஸபோனும் கேட்டிருக்கும் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.) ரயில்வே இன்ஸ்டிடியூட்டில் கிறிஸ்துமஸுக்கும் புது வருசத்துக்கும் டான்ஸ். தரை வழுக்க வேண்டும் என்பதற்காகப் பவுடர் தூவித் தேய்ப்பது எங்க தாத்தா மாதிரி ஆட்கள். ஆட்டம் தொடங்குவதற்குள் அவர்கள் பின்வாசல் வழியாக வெளியே போய்விட வேண்டும். ஆயா இடுப்பில் துரை வீட்டுக் குழந்தையோடு ஜன்னலுக்கு வெளியே நின்று பார்ப்பாளாம். வால்ட்ஸ், பாக்ஸ்ட்ராட், ஜைவ் எல்லாம் பெயரோடு தெரியும் அவளுக்கு. எழுதப் படிக்கத் தெரியாது.

அவள் அடிக்கடி சொன்னது 'பால்சோன்சு'. பால் ஜோன்ஸ் என்பது அதன் பெயர். பெண்கள் உள்வட்டம், ஆண்கள் வெளிவட்டம். இரண்டு வட்டமும் எதிர் எதிராகச் சுற்றும். பாட்டு நின்றதும் உன் எதிரில் யார் நிற்கிறாரோ அவரோடு ஆட வேண்டும். மறுபடி வட்டம், மறுபடி வேறு ஆள். "டிரைவர் பொண்டாட்டி ஃபோர்மேன் கூடயும் ஆடும், நேத்து வேலைக்குச் சேர்ந்த ஃபயர்மேன் கூடயும் ஆடும். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஆனா ஜன்னலுக்கு இந்தப் பக்கம் கை நீட்ட மாட்டாங்க" என்பாள்.

உள்ளே அத்தனை சமத்துவம், சுவர் வரைக்கும். பல ரயில்வே காலனிகளில் ஐரோப்பியருக்கு ஒரு இன்ஸ்டிடியூட், இந்தியருக்கு ஒரு இன்ஸ்டிடியூட் என்றே இருந்தது. அசல் வெள்ளைக்காரனின் கிளப்பில் ஆங்கிலோ இந்தியனுக்கு இடமில்லை. அவன் ஹாலில் நமக்கு இடமில்லை. சாதிக்கு வெளியே பிறந்த மக்களும் சாதியின் படிக்கட்டிலேயே ஒரு படி பார்த்து உட்கார்ந்துகொண்டார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ரயில்வேயிலும் தபால் தந்தியிலும் அவர்களுக்கு இருந்த ஒதுக்கீடு, அரசியல் சட்டத்தின் 336ஆம் பிரிவுப்படி பத்தே வருசத்தில் குறைந்து முடிந்துபோனது. இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, கனடா என்று குடும்பம் குடும்பமாகக் கப்பலேறினார்கள். மக்களவையில் இருந்த நியமன இடமும் 2020 ஜனவரியோடு போயிற்று. நான் பார்த்த இன்ஸ்டிடியூட் ஹால் ஒன்றில் இப்போது கலியாணம் நடக்கிறது. பால் ஜோன்ஸ் சுற்றிய தரையில் சொந்தச் சாதிக்குள் மாலை மாற்றிக்கொள்கிறார்கள்.

அந்த ஜைவ் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. நியூயார்க்கில் கறுப்பர்கள் வாழ்ந்த ஹார்லெமில் 1926இல் சவாய் பால்ரூம் திறந்தது. அங்கே கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தரையில் ஆடினார்கள். அதே ஹார்லெமில் காட்டன் கிளப் என்று ஒன்று இருந்தது. அங்கே கறுப்பர் ஆடுவார், வெள்ளையர் உட்கார்ந்து பார்ப்பார். அது நம் கரகாட்டக் கணக்கு. சவாயில் லிண்டி ஹாப் என்ற ஆட்டத்தை வளர்த்தவர்கள் வீட்டு வேலைக்காரிகளும் கூலிக்காரர்களும்தான். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் அதைப் பிரிட்டனுக்குக் கொண்டுபோக, அங்கே அது ஜைவ் ஆயிற்று. அப்புறம் தாம்பரம் வரை வந்தது. ஒடுக்கப்பட்டவளின் காலடி கடல் தாண்டி அந்த ஹாலுக்குள் போய்விட்டது. எங்க ஆயாவின் கால் போகவில்லை.

1943இல் விபசாரம், நோய் என்று காரணம் சொல்லி சவாயைச் சில மாதங்கள் இழுத்து மூடினார்கள். கறுப்பு ஆணும் வெள்ளைப் பெண்ணும் கை கோத்ததுதான் நிஜக் காரணம் என்று ஹார்லெம் மக்கள் சொன்னார்கள். 1958இல் நிரந்தரமாகவே மூடி, இடித்துக் குடியிருப்பு கட்டினார்கள். அங்கே ஆடிய மாபெரும் ஆட்டக்காரர் ஃபிராங்கி மேனிங் முப்பது வருசம் தபால் துறையில் வேலை பார்த்தார். 1980களில் இளைஞர்கள் தேடிப் போய்க் கேட்ட பிறகுதான் மறுபடி சொல்லிக் கொடுக்க வந்தார். ஹால் போனால் ஆட்டமும் எங்கோ தபால் பிரித்துக்கொண்டிருக்கும்.

எங்கள் ஹாலில் சல்சாவும் பச்சாத்தாவும். பச்சாத்தா டொமினிக்கன் குடியரசின் ஏழைகளுடைய பாட்டு. அதைக் குடிகாரப் பாட்டு, விபசார விடுதிப் பாட்டு என்று அந்த நாட்டு மேட்டுக்குடி பல காலம் ஒதுக்கி வைத்திருந்தது. அதாவது அவர்களுடைய கானா. ஓ.எம்.ஆர். கம்பெனியிலிருந்து வந்து நளினமாக ஆடுகிற பிள்ளைகளிடம் இதைச் சொன்னேன். ஒருத்தி மட்டும் "அப்போ கானாவுக்கும் ஜோடியா ஆடலாமா அக்கா?" என்று கேட்டாள். ஆடிப் பார்த்தோம். வந்தது.

இனி தோழரின் கேள்வி. 1936இல் அம்பேத்கர் சாதி ஒழிப்பு பற்றி எழுதியபோது சமபந்தி போதாது, கலப்பு மணம்தான் மருந்து என்றார். சமபந்தியில் இலைக்கு இலை இடைவெளி உண்டு. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்க் குளிக்கிறவனைப் பார்த்திருக்கிறேன். கலப்பு மணத்துக்கோ உயிரையே கேட்கிறார்கள். 2015இல் கோகுல்ராஜ் கொல்லப்பட்டது திருமணம் செய்ததற்காகக்கூட இல்லை. ஒரு பெண்ணோடு கோயிலில் பேசிக்கொண்டிருந்ததற்காக. 2024 பிப்ரவரியில் வேறு சாதிப் பெண்ணை மணந்த தலித் இளைஞனை வெட்டிக் கொன்றார்களே, பள்ளிக்கரணையில், அது எங்கள் ஹாலிலிருந்து ஒரு பஸ் தூரம். இந்த இலைக்கும் தாலிக்கும் நடுவே என்ன இருக்கிறது? ஒரு அந்நியரின் உள்ளங்கையை நான்கு நிமிசம் பிடித்திருந்து, பாட்டு முடிந்ததும் நன்றி சொல்லிவிட்டு விடுவது இருக்கிறது. காதல் இல்லை, கடமை இல்லை, பெயரைத் தவிர எதுவும் கேட்க வேண்டியதில்லை. தீண்டாமை என்ற சொல்லின் வேரே தொடுதல்தான். தொடுவதைப் பழகுவதற்கென்று நம் ஊரில் எத்தனை இடம் இருக்கிறது தோழர்? மலக்குழிச் சாவுக்கு எதிரான ஆர்ப்பாட்டத்துக்கு நானும் வருகிறேன். அதிலிருந்து நேராக ஹாலுக்குப் போன சனிக்கிழமையும் உண்டு. நாம் சாவுக்கு மட்டுமே கூடத் தெரிந்தவர்களாக இருப்பது யாருக்கு வசதி?

ஆனால் ஹாலிலும் சாதி இருக்கிறது. முதல் மாதம் ஒருவர் கை நீட்டியபோது, களைப்பாக இருந்ததால், "இந்தப் பாட்டுக்கு வேணாங்க" என்றேன். அவர் "சரிங்க" என்று சிரித்துவிட்டுப் போனார். அவ்வளவுதான். எனக்குக் கை நடுங்கியது. எங்கள் வீட்டுப் பெண்களில் எந்தத் தலைமுறையில் எவள் ஒரு ஆணிடம் வேண்டாம் என்று சொல்லி, அவன் சரி என்று போயிருக்கிறான்?

அடுத்த மாதம் எங்கள் காலனித் தம்பி ஒருவனைக் கூட்டிப் போனேன். நல்ல கறுப்பு. கூரியர் வேலை. அடிப்படை அடவு நன்றாகவே கற்றிருந்தான். மூன்று பெண்களிடம் கை நீட்டினான். மூன்று பேரும் மறுத்தார்கள், மரியாதையாகத்தான். நாற்காலியில் வந்து உட்கார்ந்து செல்போனைப் பார்க்க ஆரம்பித்தான்.

இங்கேதான் எனக்குச் சிக்கல். எனக்குப் பொக்கிஷமாகக் கிடைத்த அதே 'வேணாம்' அவனை வெளியே தள்ளுகிறது. அந்தப் பெண்கள் அவனோடு ஆடியிருக்க வேண்டும் என்று நான் சொன்னால், ஊக்கோடு வருகிற கைக்கு மறுபடி கதவு திறந்துவிடுகிறேன். அவர்கள் விருப்பம் என்று விட்டுவிட்டால், 'பிடிக்கல' என்ற சொல்லுக்குள் ஆயிரம் வருசச் சாதி கண்ணைப் பழக்கி வைத்திருக்கிறதே, அதை மூடி மறைக்கிறேன். ஒவ்வொரு மறுப்பும் தனித்தனியே நியாயம். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் சேரி. குற்றவாளியைத் தேடினால் ஆள் கிடையாது.

பல நாள் யோசித்து நான் வந்து சேர்ந்த இடம் இது: தனியாளின் மறுப்பைத் தொடக் கூடாது, ஹாலின் மறுப்பைத் தொடலாம். யார் யாரிடம் கேட்கிறார்கள், யார் உட்கார்ந்தே இருக்கிறார்கள் என்பது ஹாலின் பழக்கத்தால் வருவது. பழக்கத்தை மாற்ற முடியும். மாஸ்டரிடம் ஆயாவின் பால்சோன்சைச் சொன்னேன். அவருக்குத் தெரியவில்லை, ஆனால் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டார். இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் முதல் அரை மணி இரண்டு வட்டம். வேண்டாதவர் வட்டத்தைவிட்டு வெளியே வரலாம், ஏன் என்று கேட்க மாட்டோம். பெண்கள் போய்க் கேட்பதற்கென்று சில பாட்டு. நானும் இன்னும் இரண்டு பேரும் நடத்துகிற அடவையும் கற்றுக்கொண்டோம். நடத்துவது ஆணுக்கு என்று எழுதி வைத்தவன் யார்? பிடி தப்பானால் பாதிப் பாட்டிலேயே நிறுத்தலாம். அப்படி ஒருவரை மாஸ்டர் படியிறக்கி அனுப்பினார்.

முதல் வட்டத்திலேயே ஒரு பெண் வெளியே வந்துவிட்டாள். எதிரில் நின்றவன் தம்பிதான். அவன் அதற்குப் பிறகு ஆறேழு பேரோடு ஆடினான். இன்னும் இரண்டு வாரம் வந்தான், அப்புறம் நின்றுவிட்டான். ஷிப்ட் மாறிவிட்டது என்றான். அதுதான் காரணமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஜோடியாக வந்தால்தான் உள்ளே விடுவோம் என்கிற பெரிய ஓட்டல்களின் வாசலில் தம்பி மாதிரி ஆட்கள் நிற்கவே முடியாது. அதனால்தான் இந்த மாடி ஹாலுக்காக இவ்வளவு எழுதுகிறேன். கீழே பாத்திரக் கடை, மேலே தகரக் கூரை, நான்கு மின்விசிறி, அதில் ஒன்று சுற்றாது. செருப்போடு உள்ளே வரலாம். நுழைவு இருநூறு ரூபாய். முடியாதவர்கள் நாற்காலி எடுத்துப் போட்டால் போதும். வீட்டுக்காரர் பொங்கலுக்குள் காலி செய்யச் சொல்கிறார். குடும்பங்கள் இருக்கிற தெருவில் ஆம்பளையும் பொம்பளையும் கட்டிக்கொண்டு ஆடுகிறார்கள் என்று பக்கத்தில் புகார் சொல்கிறார்களாம். அட்வான்சைக் கூட்டித் தந்தால் யோசிப்பதாகவும் சொல்லியிருக்கிறார். ஆக, ஒழுக்கத்துக்கும் ஒரு விலை வைத்திருக்கிறார். மாதம் நாற்பது பேர் தவறாமல் வந்தால் கட்டிவிடலாம் என்று மாஸ்டர் கணக்குப் போட்டுக் காட்டினார். இப்போது இருபத்தாறு பேர் வருகிறோம்.

போன வாரம் அம்மா அந்தப் பக்கம் குக்கர் வாங்க வந்தவள் படியேறி வந்து எட்டிப் பார்த்தாள். உள்ளே வா என்றேன், வரவில்லை. கதவோரம் பையோடு நின்று ஒரு பாட்டு முழுக்கப் பார்த்துவிட்டு, "விசிறி சுத்தல பாரு, வேர்க்குது எல்லாருக்கும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.