துருவின்மேல் வர்ணம்



1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் மோட்டாரை ஒரு தம்பதி வீட்டிலே செப்பனிடுவதை யோசித்துப் பாருங்கள். அதைச் செய்த கம்பெனி இன்று இல்லை. அதன் மேற்கூடு அடிச்சட்டத்தோடு போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டது. ஒருவர் மேலே போல்ட்டைப் பிடிக்க, மற்றவர் கீழே நட்டைத் திருகவேண்டும்; பிடிக்காவிடில் இரண்டும் வீணே சுற்றும். துருவைச் சுரண்டாமல் வர்ணம் பூசினாலோ, நமது நாயுடுபுரத்து ஈரப்பனியில் அது சீக்கிரம் கொப்புளிக்கும்.

விவாகமும் அப்படியே. பூசைக்குச் சேர்ந்து வந்து, வீட்டிலே முகங்கொடுத்துப் பேசாதிருப்பது துருவின்மேல் பூசிய வர்ணம். பொழுது சாயுமுன் கோபத்தை விடும்படி அர்ச். சின்னப்பர் எழுதினார். ஆகையால் கணவன்மாரே, மனைவிமாரே! பழைய மனஸ்தாபத்தை இன்றிரவே ஒருவர் சொல்ல, மற்றவர் பொறுமையாய்க் கேளுங்கள். இதற்குரிய பாகம் கடையில் கிடையாது; சர்வேசுரன் துணையோடு இருவரும் வீட்டிலேயே செப்பனிடவேண்டும். ஆமென்.