தனித்திருப்போருக்கும் நெஞ்சம் உண்டு

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்டு முடியும் வேளையில் சற்று நின்று பாருங்கள். பீகார், ஒடிசா, வங்காளத்து வாலிபர்களும், நம் தென்மாவட்டத்துப் பிள்ளைகளும் சாப்பாட்டுப் பொட்டலத்துடன் வாடகை அறைகளை நோக்கி நடப்பார்கள். அவர்களுள் நம் சகோதரர்களும் உண்டு. அவர்களில் ஒருவர் அடுத்த ஜும்ஆவுக்கு வராவிட்டால், ஏன் வரவில்லை என்று கேட்பவர் யார்?

தனித்து வாழும் மனிதர் அன்பை நாடுவது பலவீனமா? "நிக்காஹ் செய்துகொள்ளட்டும், இயலாதவர் நோன்பு நோற்கட்டும்" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இரண்டும் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழிகளே. துறவு பூண விரும்பிய உஸ்மான் இப்னு மழ்ஊன் (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதி தரவில்லை. ஆனால் நோன்பு அடக்குவது இச்சையை. "சாப்பிட்டாயா?" என்று கேட்க ஒரு குரல் இல்லையே என்னும் ஏக்கம் இச்சையன்று. அதற்காக வெட்கப்படவும் வேண்டியதில்லை.

எல்லோருக்கும் மணவாழ்வு அமைவதுமில்லை. ஷாஃபிஈ மத்ஹபினர் போற்றும் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் (ஹிஜ்ரி 631-676) மணமாகாமலே மறைந்தார்கள். அன்னாரின் வாழ்வைக் குறையுள்ளதென்று எவர் சொல்வார்?

மதீனாப் பள்ளிவாசலின் திண்ணையில் வீடுவாசலற்ற ஏழைத் தோழர்கள் தங்கியிருந்தார்கள். இப்னு உமர் (ரலி) அவர்களும் மணமாகாத வாலிபப் பருவத்தில் அப்பள்ளியிலேயே உறங்கியதுண்டு. அப்பள்ளியைப் பெருக்கிவந்த ஒரு பெண்மணியைச் சில நாள் காணாதபோது நாயகம் (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். இறந்துவிட்டார் என்றறிந்ததும், ஏன் தமக்கு அறிவிக்கவில்லை என்று கேட்டு, கப்ரைக் காட்டச் சொல்லித் தொழுகை நடத்தினார்கள். ஒருவர் இல்லாததை உணர்ந்து கேட்பதே அன்பின் முதற்படி என்பதை இதைவிடத் தெளிவாக யார் காட்ட முடியும்?

"அந்நிய வாலிபனை வீட்டுக்குள் விடுவதா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மார்க்கம் வகுத்த வரம்பை நாம் மீற வேண்டாம். பள்ளிவாசலில் முஸாபஹா செய்து ஊரையும் பெயரையும் கேட்கலாம். நோன்புக் கஞ்சிக்கு அருகில் அமர்த்திக்கொள்ளலாம். பெருநாளன்று ஆண்கள் பந்தியில் ஒரே ஸஹனில் உண்ணலாம்.

நம் இல்லங்களிலேயே மணமாகாத அக்காளும், கணவரை இழந்த மாமியும் இருக்கிறார்களே! அவர்களைச் சமையலுக்கும் பிள்ளை பார்க்கவும் மட்டும் அழைக்கிறோமா, அல்லது அருகில் அமர்ந்து அவர்கள் மனத்தையும் கேட்கிறோமா?

தனித்திருக்கும் சகோதரரே, சகோதரியே! அன்பு தேடி வரட்டும் என்று காத்திராதீர்கள். ஸலாமை முந்திச் சொல்லுங்கள். அறைத்தோழர் காய்ச்சலில் படுத்தால் கஞ்சி வைத்துக் கொடுங்கள். கைப்பேசியில் முகமறியாதவர் பேசும் தேன்மொழியை அன்பென்று நம்பி ஹராமில் வீழ்ந்துவிடாதீர்கள்.

இவையெல்லாம் வாழ்க்கைத் துணையின் இடத்தை நிரப்பிவிடும் என்று நாம் சொல்லவில்லை. சில இரவுகள் நீளமாகத்தான் இருக்கும். அவ்விரவுகளில் தஹஜ்ஜுதில் எழுந்து ரப்பிடம் மனம்விட்டுப் பேசுங்கள். ஆனால், "அவர்களுக்கு அல்லாஹ் போதுமானவன்" என்று சொல்லி நாம் நம் கடமையிலிருந்து நழுவிவிட முடியாது. வரும் ஜும்ஆவில் நம் ஸஃப்பில் வலமும் இடமும் பார்ப்போம். சென்ற வாரம் நின்றவர் இன்று இல்லையென்றால், விசாரிப்போம்.

வல்ல அல்லாஹ் நம் நெஞ்சங்களை இணைத்து வைப்பானாக! ஆமீன்.